ஆடும் பிள்ளைகளுக்குப் பழச்சாறு: எந்த நேரத்துக்கு எது, எப்படிப் பிழிவது

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பெண்பிள்ளைகளின் கபடி அணி என் பொறுப்பு. நீண்ட தூர ஓட்டத்துக்கும் சிலர் வருகிறார்கள். இவர்களில் பலருடைய அம்மாக்கள் திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டப் போகிறவர்கள். கடையில் நீலமும் ஆரஞ்சுமாக அடுக்கி வைத்திருக்கும் விளையாட்டு பானங்களைத் தினமும் வாங்கிக் குடிக்கும் வசதி யாருக்கும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கிற பழம், வீட்டு உப்பு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், இவை மூன்றும் போதும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "எந்தப் பழம் டீச்சர் நல்லது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எந்த நேரத்தில் குடிக்கிறோம், எவ்வளவு தண்ணீர் கலக்கிறோம், உப்பு போட்டோமா இல்லையா, இவைதான் பழத்தைவிட முக்கியம். அதே திராட்சைச் சாறு ஆட்டத்துக்கு நடுவில் கெட்டியாகக் குடித்தால் வயிற்றைப் பிடிக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி உப்பு போட்டுக் குடித்தால் கடைசி ஐந்து நிமிடம் கால் நிற்கும்.

காரணம் இதுதான். பன்னீர் திராட்சைச் சாற்றில் நூறு மில்லிக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை இருக்கும். சாத்துக்குடியில் 8, 9 கிராம். தர்பூசணியில் 6 கிராம். ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு, நூறு மில்லிக்கு 6 முதல் 8 கிராம் வரை சர்க்கரை உள்ள பானத்தைத்தான் சுலபமாக உறிஞ்சும். அதற்கு மேல் போனால் பானம் இரைப்பையிலேயே தேங்கும். குடித்தது வயிற்றில் குலுங்குவதை ஓடும்போதே உணரலாம். உப்புக்கும் காரணம் உண்டு. வேர்வையில் போகிற தாது பெரும்பாலும் சோடியம். போதாததற்கு, சிறுகுடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து உள்ளே போகிற ஒரு வழி இருக்கிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதும் இப்படித்தான். பழத்தில் சர்க்கரையும் பொட்டாசியமும் இருக்கின்றன, சோடியம் மட்டும் கிட்டத்தட்ட இல்லை. அந்தக் குறையைத்தான் நாம் உப்பால் சரிக்கட்டுகிறோம்.

ஆட்டத்துக்கு நடுவில்

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்குச் சாறே வேண்டாம். தண்ணீர் போதும். வெயில் கடுமையாக இருந்தால் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்கலாம். உடல் எடையைக் குறைக்க அரை மணி நேரம் நடக்கிறவர்கள் நடை முடிந்ததும் ஒரு பெரிய டம்ளர் ஜூஸ் குடித்தால், நடந்து செலவழித்ததெல்லாம் அந்த டம்ளரில் திரும்பி வந்துவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிற பயிற்சி, ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டம் வருகிற போட்டி, பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், இவற்றுக்குத்தான் நடுவில் சர்க்கரை தேவை. அப்போதும் மணிக்கு 30 முதல் 60 கிராம் போதும். எங்கள் பிள்ளைகள் மெலிந்தவர்கள், 30 பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வேன்.

எங்கள் அணிக்கு முதல் பானம் பன்னீர் திராட்சைதான். வருடம் முழுக்கக் கிடைக்கிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வந்ததில் எங்கள் ஊருக்கே பெருமை. இதை மிக்சியில் போடாதீர்கள். கொட்டை உடைந்தால் துவர்ப்பு இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு வடிகட்டினாலும் போகாது. ஒரு கிலோ பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரோடு எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் வையுங்கள். தோல் வெடித்துத் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியதும் இறக்கிவிடுங்கள். கீரை மத்தால் மெல்ல மசித்தால் கொட்டை முழுசாகவே நிற்கும். ஆறியதும் பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றிப் பிழியுங்கள். முக்கால் லிட்டருக்குக் குறையாமல் சாறு வரும். அதே அளவு தண்ணீர் சேருங்கள். கலந்த பானம் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் தூள் உப்பு, தலைதட்டி. அதாவது சுமார் ஒன்றரை கிராம். கல் உப்பை ஸ்பூனில் அளக்க வேண்டாம், இடைவெளி விட்டு நிற்பதால் அளவு தப்பும். பொடித்து அளங்கள். கடைசியாக அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் உப்பு நாக்கில் தெரியாது.

புதிதாக வருகிற பிள்ளை முதல் நாள் "டீச்சர், சப்புன்னு இருக்கு" என்று முகம் சுளிக்கும். மைதானத்துக்கு வெளியே குடித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். வேர்த்து ஊற்றிய பிறகு அதே பானம் இனிக்கும். இனிப்பு பற்றாது என்று சர்க்கரை கூட்டாதீர்கள்.

திராட்சையில் மருந்து தெளிப்பு அதிகம் என்பதைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். மேலே ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி போகும், உள்ளே இறங்கியது போகாது. தெரிந்த தோட்டமாக இருந்தால் கடைசி மருந்து எப்போது அடித்தீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

சாத்துக்குடிக்கு இரண்டு பங்கு சாறு, ஒரு பங்கு தண்ணீர். உப்பு அதே அளவு. இதையும் மிக்சியில் சுற்றக் கூடாது. குறுக்கே வெட்டிப் பிழிவானில் கையால் திருகிப் பிழியுங்கள். விதையும் உள்ளே இருக்கும் வெள்ளைத் தோலும் நசுங்கினால் கசக்கும். நன்றாகப் பிழிந்ததுகூட நேரம் ஆக ஆகக் கசப்பேறும், அது அந்தப் பழத்தின் குணம். அதனால் காலையில் பிழிந்து மதியம் வரை வைத்திருக்கும் வேலை சாத்துக்குடிக்கு ஒத்துவராது. தூரத்தில் போட்டி என்றால் பழமாகவே கொண்டுபோய் அங்கே பிழிவேன். காய்ச்சிய திராட்சைச் சாறு அந்த விதத்தில் நம்பகமானது.

தர்பூசணிக்குத் தண்ணீரே வேண்டாம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அதிலுள்ள சர்க்கரையில் ஃப்ரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரைதான் அதிகம். அது குடலில் மெதுவாகத்தான் உறிஞ்சப்படும், சில பிள்ளைகளுக்கு வயிறு கடமுடவென்று ஓடும். அதனால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கொடுக்கிறேன். விதையை எடுத்துவிட்டு மத்தால் மசித்தாலே சாறாகிவிடும். மாசி முதல் வைகாசி வரை மலிவாகக் கிடைக்கும்போது இதைவிட நல்ல வெயில்கால பானம் இல்லை.

கையில் ஒன்றுமே இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு எலுமிச்சம்பழம், நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு. நூறு மில்லிக்கு ஐந்து கிராம் சர்க்கரை கிடைத்துவிடும். குளுக்கோஸ் பவுடரைப் பாக்கெட்டோடு வாயில் கொட்டிக்கொள்கிற பழக்கம் எல்லாக் கபடி மைதானத்திலும் இருக்கிறது. அதைத் தண்ணீரில் இதே அளவில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். வறண்ட வாயில் மாவாக ஒட்டிக்கொண்டு தொண்டை அடைக்கும்போது ரெய்டு எப்படிப் பாடுவது?

இளநீரைப் பற்றி ஒரு திருத்தம். அது நல்ல பானம்தான், லேசான சர்க்கரை, நிறைய பொட்டாசியம். ஆனால் சோடியம் குறைவு. இரண்டு மணி நேரம் வேர்த்தவருக்கு இளநீர் மட்டும் போதாது. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்தால் குறை தீர்ந்தது. கால் பிடித்துக்கொள்கிறதே, வாழைப்பழம் கொடுங்கள் என்பார்கள். வேர்வையில் பொட்டாசியம் கொஞ்சம்தான் போகிறது. களைப்பும் உப்புக் குறைவும்தான் நான் முதலில் சந்தேகப்படுகிற காரணங்கள்.

குடிக்கிற முறையும் முக்கியம். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர், அதாவது சுமார் 100, 150 மில்லி. கபடியில் இரு பாதிகளுக்கு நடுவே ஐந்து நிமிடம்தான் இடைவேளை. அதில் அரை லிட்டரை அண்ணாந்து கடகடவென்று ஊற்றிக்கொண்டால் காற்றும் சேர்ந்து இறங்கும். ஆளுக்கொரு டம்ளர் வைத்து, உட்கார்ந்து, மிடறு மிடறாகக் குடிக்கட்டும். குளிர்ச்சியாக இருந்தால் பிள்ளைகள் தானாகவே கூடுதலாகக் குடிப்பார்கள். பல் கூசும் அளவுக்கு வேண்டாம்.

ஒருவருக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்துகொள்ள எடை மெஷின் போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஏறி நிற்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. வெயிலில் மணிக்கு அரை லிட்டரும் போகலாம், ஒன்றரை லிட்டரும் போகலாம், ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம். போனதை ஈடுகட்ட ஒரு கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். மாரத்தான் ஓடுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம் இருக்கிறது. போட்டி நடக்கும் இடத்தில் கழிப்பறை சரியில்லை என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். எவ்வளவு நல்ல சாறு பிழிந்து கொண்டுபோனாலும் கேன் அப்படியே திரும்பி வரும். அதனால் எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும் இறங்கியதும் என் முதல் வேலை கழிப்பறை எங்கே, தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். சரியில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேட்டு ஏற்பாடு செய்துவிடுவேன். அணியை அழைத்துப் போகும் ஆசிரியர்கள், அண்ணன்மார்கள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும்.

எடை விவகாரமும் இதோடு சேர்ந்ததுதான். கபடியில் எடை வரம்பு உண்டு. சீனியர் பிரிவில் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ, சின்னவர்களுக்கு அதற்கும் கீழே. ஊர்த் திருவிழாப் போட்டிகளிலும் வைக்கிறார்கள். அரை கிலோவுக்காக முந்தின நாளிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். வளர்கிற பிள்ளையை இப்படி வறட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எடை தாண்டினால் அடுத்த பிரிவில் ஆடட்டும், இல்லையென்றால் அடுத்த போட்டிக்குப் போகட்டும்.

ஆட்டத்துக்கு முன்னால்

நல்ல சாப்பாட்டை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். ஆனால் விடியற்காலைப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவார்கள். அவர்களுக்கு அரை மணி நேரம் முன்பு ஓர் ஏலக்கி வாழைப்பழமும், தண்ணீர் கலந்த சாத்துக்குடியோ திராட்சையோ ஒரு டம்ளரும் போதும். கொய்யா, சப்போட்டா, மாம்பழம், பால் சேர்ந்தது எதுவும் இந்த நேரத்தில் வேண்டாம். நாரும் கொழுப்பும் வயிற்றில் நின்றுவிடும்.

பீட்ரூட் பழமில்லை என்றாலும் விட மனமில்லை. அதிலுள்ள நைட்ரேட்டை வாயிலிருக்கும் நுண்ணுயிர்கள் மாற்றிக்கொடுக்க, உடம்பில் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதே வேகத்துக்கு ஆக்சிஜன் சற்றுக் குறைவாகச் செலவாகிறது. 2009இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து காட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு பலன் தெரியாது. நடுத்தர, நீண்ட ஓட்டக்காரர்கள் முயன்று பார்க்கலாம். பந்தயத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு, பச்சையாகத் துருவிப் பிழிந்த சாறு ஒன்றரை டம்ளர். மண்வாசனை பிடிக்காதவர்கள் பாதி சாத்துக்குடியும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்க்கட்டும். அன்று கிருமிநாசினி மவுத்வாஷ் வேண்டாம், அந்த நுண்ணுயிர்களையே அது கொன்றுவிடும். சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட் பக்கம் போக வேண்டாம்.

பீட்ரூட் என்றில்லை, எந்தப் புது பானத்தையும் முதன்முதலாகப் போட்டி நாளில் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

முடிந்த பிறகு

இப்போதுதான் கெட்டியான ஜூஸுக்கு நேரம். தீர்ந்துபோன மாவுச்சத்தைத் தசைகள் வேகமாக நிரப்பிக்கொள்கிற பொழுது இது. ஆனால் பழச்சாற்றில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. தசை பழுது பார்க்கப் புரதம் வேண்டும். அதனால் பால் சேர்க்கிறோம், அல்லது சாறோடு வேக வைத்த நிலக்கடலை, சுண்டல், முட்டை என்று ஏதாவது கொடுக்கிறோம்.

நான் அதிகம் செய்வது சப்போட்டா. இரண்டு பழுத்த பழம், தோலும் விதையும் நீக்கி, காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு டம்ளர், வறுத்துத் தோலெடுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. முதலில் கடலையைக் கொஞ்சம் பாலில் நைசாக அரைத்து, அப்புறம் மற்றதைச் சேர்த்து ஒரு சுற்று. சர்க்கரை தேவையே இல்லை. வாழைப்பழத்திலும் மாம்பழத்திலும் இதையே செய்யலாம். அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாகப் பாலில் போட்டு வைக்காதீர்கள். அவற்றிலுள்ள நொதிகள் பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். அவற்றைத் தண்ணீரில் அடித்துக் குடித்துவிட்டு முட்டையைத் தனியாகச் சாப்பிடலாம்.

கொய்யாவுக்கும் நெல்லிக்காய்க்கும் நான் வேறு வேலை வைத்திருக்கிறேன். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளில் பலருக்கு ரத்தசோகை. மாத்திரை மருத்துவர் கொடுப்பார், வீட்டில் கீரையும் கேழ்வரகும் சாப்பிடுவார்கள். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி துணைக்கு வேண்டும். கொய்யாவில் அது ஆரஞ்சைவிடப் பல மடங்கு. ஆயக்குடிக் கொய்யா வரும் காலத்தில், ஒரு பழத்தைத் துண்டாக்கித் தண்ணீரோடு அடித்து, விதையை வடிகட்டி, முருங்கைக்கீரை செய்கிற நாளில் சாப்பாட்டோடு குடிக்கச் சொல்வேன். இல்லாத காலத்தில் இரண்டு நெல்லிக்காய், கொஞ்சம் இஞ்சி, உப்பு. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் டீ குடித்தால் அந்த இரும்பு சேராது என்பதையும் அம்மாக்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேனும் ஐஸும்

நல்ல சாறைக் கெடுப்பது பெரும்பாலும் ஐஸ்தான். மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அதைச் சாறுக்குள் போடாதீர்கள். முந்தின இரவே காய்ச்சிய தண்ணீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, சாறு இருக்கும் எவர்சில்வர் தூக்குக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கு சுற்றி வைத்தால் போதும், குளிர் இறங்கும். உருகியதும் அதையே கலக்கவும் செய்யலாம். அலுமினியப் பாத்திரத்தில் புளிப்புச் சாறு வேண்டாம். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற சாறைக் கொட்டிவிடுங்கள். மூடியின் மரையிலும் குழாயின் வாயிலும்தான் அழுக்கு தங்கும், அதைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, கவிழ்த்துக் காயவையுங்கள். சாறு குடித்ததும் ஒரு வாய் தண்ணீரால் கொப்பளித்தால் பல்லுக்கு நல்லது.

சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரின் பொட்டாசியமே ஆபத்து. நட்சத்திரப் பழம் அவர்களுக்கு விஷம். சில மாத்திரைகளோடு பம்ளிமாஸ் சேரக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிற பிள்ளை அணியில் இருந்தால் அவளுக்கென்று ஒரு சிறு பாட்டில் தனியாக வையுங்கள். அதில் தண்ணீரும் வேண்டாம், உப்பும் வேண்டாம், பாலும் வேண்டாம், கெட்டித் திராட்சைச் சாறு மட்டும். ஆடும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, முகம் வெளிறி, பேச்சு குழறினால் உடனே வெளியே உட்காரவைத்து அரை டம்ளர் கொடுங்கள். 15 கிராம் சர்க்கரை போய்ச் சேரும். கால் மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைச் சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு அரை டம்ளர். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். அந்தப் பாட்டில் எந்தப் பையில் இருக்கிறது என்பது அணியில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.